வீட்டைச் சுற்றி மண் நிரப்புதல்: மதுரைப் பகுதி மனைகளுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையைச் சுற்றி இன்று மனைகளாக விற்கப்படும் நிலங்களில் கணிசமானவை முன்பு கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள். தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்பதற்காகவே மட்டப்படுத்தி வரப்புக் கட்டிய நிலத்தில் வீடு கட்டும்போது, அந்த நிலத்தின் இயல்பை மாற்றியாக வேண்டும். அதற்காகத்தான் மண் நிரப்புகிறோம். ஆனால் பெரும்பாலானோர் மனையை எவ்வளவு உயர்த்துவது என்பதை மட்டுமே பேசுகிறார்கள். சுவரடியில் விழும் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கேள்வியை முதல் லோடு வந்து இறங்கிய பிறகுகூட யாரும் எழுப்புவதில்லை. மூன்றடி உயர்த்திய மனையிலும் வாட்டம், அதாவது தரையின் சரிவு, சுவரை நோக்கி இருந்தால் ஐப்பசி மழையில் கடைக்காலுக்குள் (அடித்தளத்துக்குள்) ஈரம் இறங்கும். ஓரடியே உயர்த்தியிருந்தாலும் வாட்டம் வெளிப்புறம் இருந்தால் சுவர் காய்ந்தே இருக்கும்.

எனவே மண் வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை அளவெடுப்பது. தெருவின் நடுமட்டத்தையும், தெருச் சாக்கடையின் அடிமட்டத்தையும், மனையின் நான்கு மூலைகளையும், வீட்டின் பேஸ்மெண்ட் (வீட்டுத் தளத்தைத் தாங்கும் மேடை) மேல்மட்டத்தையும் கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தைக் கொண்டே அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். தெருமட்டம் நிலையானதன்று என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. இருந்தாலும் எதிர்காலத்தில் சாலை அரை அடி உயரக்கூடும் என்று எண்ணித் திட்டமிடுவதே பாதுகாப்பு.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் மனையின் சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தை (நில அளவை வரைபடத்தை) பார்க்க வேண்டும். மனையின் ஓரத்தில் பள்ளமாகத் தெரியும் இடம் பாசன வாய்க்காலாகவோ ஓடையாகவோ இருக்கலாம். அதை மண் போட்டு மூடினாலும் நீர் ஓடுவது நிற்காது. வேறொருவர் வீட்டைத் தேடிப் போகும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் நீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, கண்மாயும் வாய்க்காலும் எதற்காக வெட்டப்பட்டன என்பதை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலை மூடித்தான் மனையைச் சமப்படுத்த முடியும் என்ற நிலை இருந்தால், அந்த மனையை வாங்காமல் விடுவதே என் ஆலோசனை.

எந்த மண், எந்த மண் கூடாது

மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் சரளையும் பரவலாக உண்டு. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் மிகுதி. நிரப்புவதற்கு உகந்தது, சிறு கற்களும் மணலும் கொஞ்சம் களியும் கலந்த சரளைச் செம்மண். இதைத்தான் டிப்பர்காரர்கள் கிராவல் என்கிறார்கள். இது நன்றாகக் கெட்டிப்படும், நனைந்தாலும் பெரிதாக உப்பாது. கரிசல் மண் இதற்கு நேர் எதிரானது. அதிலுள்ள களிக்கனிமம் நீரை உறிஞ்சி வீங்கி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மழைக்கு ஒருமுறை தூக்கி, வெயிலுக்கு ஒருமுறை இறக்கும் மண்ணின் மீது தளம் போட்டால் அந்தத் தளம் விரிசல் விடுவதை எந்தச் சிமெண்டும் தடுக்காது. கண்மாயின் வண்டலும் கரம்பையும் தோட்டத்துக்கு அருமையானவை. வீட்டு நிரப்புக்கு உதவாதவை.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இந்தியத் தரநிலை 2720இன் 40ஆம் பகுதியில் சொல்லப்படும் வீக்கச் சோதனையின் எளிய வடிவம் இது. உலர்த்திப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலித்த மண்ணைச் சம அளவில் இரண்டு குறுகலான, அளவுக்கோடுள்ள கண்ணாடிக் குழாய்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கிவிட்டு ஒருநாள் முழுவதும் அசைக்காமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி வீங்காது. தண்ணீரில் படிந்த மண்ணின் உயரம் மண்ணெண்ணெயில் படிந்ததைவிடப் பாதி அளவோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால், அந்த மண்ணை வீட்டருகே கொண்டுவரக் கூடாது. பெரிய வேலையாக இருப்பின் மண் பரிசோதனைக் கூடத்தில் முறையாகச் சோதிப்பது நல்லது. கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் பணம் சிறிது.

உடைந்த செங்கல், பூச்சுக் காரை, ஓடு எல்லாம் கலந்த இடிபாட்டை விலையின்றியே கொட்டிவிட்டுப் போவார்கள். துண்டுகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பதால் நாளடைவில் மேல்மண் உள்ளே இறங்கிக் குழி விழும். மரச்சட்டமும் வேரும் அதில் கலந்திருந்தால் கரையானுக்கு நாமே வழி அமைத்துக் கொடுத்தது போலாகும். வெள்ளை பூத்த உவர்மண்ணையும் தவிர்க்க வேண்டும். அதன் உப்பு செங்கல்லில் ஏறிப் பூச்சை உதிர்க்கும். வயல் மேல்மண்ணில் கோரைக்கிழங்கு வரும். ஒருமுறை வந்துவிட்டால் தோட்டத்திலிருந்து அதை ஒழிப்பது பெரும்பாடு.

வாங்கும் முறை

மண் வியாபாரத்தில் யூனிட் என்பது 100 கன அடி. ஒரு சென்ட் நிலம் 435.6 சதுர அடி என்பதால், ஒரு சென்ட்டை ஓரடி உயர்த்த கெட்டித்த நிலையில் ஏறக்குறைய 4.36 யூனிட் மண் தேவை. மூன்று சென்ட் மனையை ஒன்றரை அடி உயர்த்த இது 19.6 யூனிட் ஆகும். ஆனால் டிப்பரில் வருவது பொலபொலப்பான மண். திமிசு போட்டால், அதாவது இடித்துக் கெட்டித்தால், ஐந்தில் ஒரு பங்கு வரை அமுங்கும். ஆகவே 25 யூனிட் அளவில் சொல்லி வைக்க வேண்டும்.

விலையை லோடுக்குப் பேசாமல் யூனிட்டுக்குப் பேசுங்கள். முதல் வண்டி வந்தவுடன் தொட்டியின் உள்நீளம், உள்ளகலம், மண்ணின் சராசரி உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 11 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 2.31 யூனிட், அதை மூன்று யூனிட் என்று கணக்கெழுதினால் ஒவ்வொரு வண்டியிலும் நஷ்டம் நமக்கே. எடையை வைத்து வாங்குவதும் சரியன்று, ஏனெனில் மழையில் நனைந்த மண்ணில் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேரும். முதல் லோடு நன்றாக இருந்தது என்று மற்றவற்றைப் பாராமல் விட்டுவிடக் கூடாது; குழி ஆழமாக ஆக மண்ணின் நிறமும் தன்மையும் மாறும்.

வண்டியோடு நடைச்சீட்டு (மண்ணை எடுத்துச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) வருகிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். மண்ணும் சிறுகனிமமே, தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 அதற்கும் பொருந்தும். சவுடு மண் என்ற பெயரில் ஆற்றுமணல் அள்ளப்பட்டது குறித்து மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குகள் நடந்துள்ளன. சீட்டில்லாத மண் விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் நம் மனையை உயர்த்துவதற்காக ஊராருடைய கண்மாயும் ஆறும் குடையப்படுவதற்கு நாம் துணைபோகக் கூடாது.

நிரப்பும் முறை

வயலாக இருந்த மனையில் முதலில் அரை அடி மேல்மண்ணை நெல் தாளோடும் வேரோடும் வழித்து ஒதுக்க வேண்டும். அதைப் பின்னர் செடிகளுக்குப் பயன்படுத்தலாம். ஜேசிபி வைத்து இரண்டடி மண்ணை ஒரே மூச்சில் தள்ளிப் பரப்பி, மேலே இரண்டு முறை வண்டியை ஓட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். மேலே நான்கு அங்குலம் கெட்டியாகியிருக்கும். அடியில் மண் அப்படியே தளர்ந்து கிடக்கும். ஆறு அங்குலத்திற்கு மிகாமல் படலம் படலமாகப் பரப்பி, ஒவ்வொரு படலத்தையும் கெட்டித்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். களி கலந்த மண்ணுக்குக் குத்தி அமுக்கும் ராம்மரும், மணற்பாங்கான மண்ணுக்கு அதிரும் தட்டுக் காம்பாக்டரும் பொருத்தமானவை. சுவரை ஒட்டிய இரண்டடிக்குள் கைத்திமிசே போதும். கனமான இயந்திரம் புதுச்சுவரை நெட்டிவிடும்.

ஈரப்பதம்தான் இதில் மிகுந்த கவனத்தைக் கோருவது. ஒரு பிடி மண்ணை இறுகப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். மார்பளவு உயரத்திலிருந்து போட்டால் சில துண்டுகளாக உடைய வேண்டும். பிடிக்கும்போதே உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் ஒட்டினாலோ, விழுந்து சப்பையானாலோ உலர விட வேண்டும். பேஸ்மெண்டுக்குள் மண்ணைக் கொட்டித் தண்ணீரைக் கட்டி ஊறவைக்கும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக இருக்கிறது. மணலுக்கு அது ஓரளவு பலன் தரும். களி கலந்த மண்ணில் தண்ணீர் கட்டினால் சேறாகி, காயும்போது சுருங்கித் தளத்துக்கு அடியில் இடைவெளி விடும். இந்தப் பழக்கத்தைக் கைவிட மேஸ்திரியிடம் பொறுமையாகப் பேசித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு படலமும் முடிந்ததும் 12 மில்லிமீட்டர் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் அந்த இடம் இன்னும் கெட்டிப்படவில்லை.

வாட்டத்திற்கான அளவு எளிது. சுவரிலிருந்து முதல் பத்தடிக்குள் அரை அடி இறக்கம் வேண்டும். நகர மனைகளில் பத்தடி இடம் கிடைப்பது அரிது. பக்கச் சந்து நான்கடி என்றால் இரண்டரை அங்குல இறக்கம் கொடுத்து, சுற்றுச்சுவரோரம் ஒரு சிறு வடிகால் அமைத்து முன்புறம் கொண்டுபோக வேண்டும். பக்கத்து வீட்டுக்குள் நீர் போகும்படி விடுவது அறமுமன்று, சட்டப்படியும் சிக்கல். 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழியை இந்த வாட்டத்தின் முடிவில், கடைக்காலிலிருந்து தள்ளி வைத்தால் இரண்டு வேலையும் ஒருசேர முடியும்.

பழைய வீட்டைச் சுற்றி நிரப்புவோர், மண்ணின் மேல்மட்டம் பேஸ்மெண்ட் மட்டத்திற்கு அரை அடியாவது கீழே நிற்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் ஈரத்தடுப்புப் பூச்சைத் தாண்டி ஈரமும் கரையானும் சுவரில் ஏறும். நாலரை அங்குலச் சுற்றுச்சுவரை நம்பி அதன் மீது மண்ணைச் சாய்க்கக் கூடாது. மழையில் நனைந்த மண்ணின் தள்ளுவிசையில் அது சாயும். மண்ணைத் தாங்க வேண்டுமானால் கருங்கல் கட்டு வேண்டும், அதில் நீர் வெளியேறும் துளைகளும் வேண்டும். வேப்பமரம், தென்னை ஆகியவற்றின் அடிமரத்தைப் புதைக்காமல் சுற்றிலும் வட்டமாகக் கட்டு எழுப்பி இடம் விடலாம். ஆழ்துளைக் கிணற்றின் கேசிங் குழாயையும் சாக்கடைத் தொட்டி மூடிகளையும் முன்கூட்டியே உயர்த்திக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்குச் சித்திரை முதல் ஆடி வரையிலான காலம் உகந்தது. முடிந்தால் வடகிழக்குப் பருவமழை ஒன்று அதன் மீது பெய்து தீர்ந்த பிறகே வெளிப்புறச் சிமெண்டுத் தளமோ பேவர் கல்லோ போடுங்கள். மழை விட்டதும் சுவரோரம் நடந்து, நீர் தேங்கிய இடங்களைக் குச்சி நட்டு அடையாளமிட்டு, அதே சரளை மண்ணை அங்கெல்லாம் போட்டுத் திமிசு கொடுத்து, டியூப் மட்டத்தை மறுபடியும் பிடித்துப் பார்த்த பிறகு தளவேலையைத் தொடங்கலாம். இதற்காகவே இரண்டு யூனிட் மண்ணை மிச்சப்படுத்தி ஒரு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருங்கள்.