பின்லாந்து சவுனாவுக்குள் நுழையும் முன்
பின்லாந்தில் யாராவது சவுனாவுக்கு, அதாவது சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்கும் குளியலுக்குக் கூப்பிட்டால், முதலில் ஒரு குளியல் போட்டுவிட்டு உள்ளே போங்கள். கழுத்துச் சங்கிலி, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சூடேறினால் தோலைச் சுட்டுவிடும். உள்ளே பெரும்பாலும் 80 டிகிரியாவது இருக்கும். மேல்படியில் சூடு அதிகம், புதியவர்களுக்குக் கீழ்ப்படியே சரி. பலகையில் சிறு துண்டு விரித்து உட்காருங்கள்.

கல் அடுக்கிய அடுப்பு 'கியுவாஸ்'. அதில் ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றியதும் 'உஸ்ஸ்' என்று எழும் ஆவிதான் 'லொய்லு'. அந்தச் சொல்லின் பழைய பொருள் உயிர், ஆவி என்பதாம். நம் 'ஆவி'யும் அப்படித்தானே! ஊற்றும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், காது நுனி பற்றி எரியும். இலையோடு கட்டிய பிர்ச் மரக் கிளைகளால் உடம்பில் தட்டிக்கொள்வார்கள். மேற்கே அது 'விஹ்தா', கிழக்கே 'வஸ்தா'. தலை சுற்றினால் கூச்சப்படாமல் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீர் குடியுங்கள்.