நுண்ணோக்கிப் படத்திலிருந்து சொரசொரப்பை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படங்களை ஆராயும் மென்பொருளான இமேஜ்ஜேயைத் திறந்து, ஒரு எஸ்இஎம் (அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தை இழுத்துப் போட்டு, சொரசொரப்புக்கான பிளக்இன் ஒன்றை ஓட்டினால் அடுத்த நொடியே ஆர்ஏ, ஆர்க்யூ என்று எண்கள் வந்து விழும். தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் வேறு. அந்த எண்ணை அப்படியே ஆய்வேட்டின் அட்டவணையில் போட்டு, பக்கத்தில் 'மைக்ரோமீட்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். மற்ற தவறுகளையெல்லாம் திருத்திக்கொள்ளலாம். இது ஒன்று மட்டும் முழு அளவீட்டையுமே பொருளற்றதாக்கிவிடும்.

சொரசொரப்பு என்பது உயரத்தின் ஏற்ற இறக்கம். சராசரிக் கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் ஆர்ஏ. விலகல்களை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் ஆர்க்யூ. மென்பொருள் இந்தக் கணக்கைச் சரியாகவே போடும். நீங்கள் கொடுத்தது உயரமா வெளிச்சமா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. 8 பிட் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். அதையே உயரமாக எடுத்துக்கொள்ளும். கடைசியில் உங்கள் கைக்கு வரும் 'ஆர்க்யூ', அந்தப் படத்தின் சாம்பல் மதிப்புகளின் திட்ட விலக்கம்தான்.

எஸ்இஎம்மில் இரண்டாம்நிலை எலக்ட்ரான்களைக் கொண்டு எடுத்த படம் பார்ப்பதற்கு முப்பரிமாணம் போலவே இருப்பதால் ஏமாறுவது எளிது. ஆனால் அதில் பிரகாசத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சரிவு. எலக்ட்ரான் கற்றைக்குச் சாய்ந்திருக்கும் பரப்பு கூடுதலாக எலக்ட்ரான்களை உமிழும். கூர்மையான விளிம்புகள் பளிச்சென்று தெரியும். மேட்டின் தட்டையான உச்சியும் பள்ளத்தின் தட்டையான தரையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் வரலாம். டிடெக்டரைப் பார்த்திருக்கும் பக்கம் வெளிறும், மறுபக்கம் இருளும். போதாததற்கு, மின்கடத்தாப் பொருளில் மின்னூட்டம் தேங்கினால் அதுவும் வெள்ளைத் திட்டாகப் படத்தில் ஏறிவிடும். மாதிரியில் மோதித் திரும்பும் எலக்ட்ரான்களைக் கொண்டு எடுத்த பின்சிதறல் படத்திலோ அணு எண் கூடிய பொருள் வெளிச்சமாகத் தெரியும். கண்ணாடி போல மெருகேற்றிய உலோகக் கலவைகூட அதில் 'சொரசொரப்பாக' வந்து நிற்கும். ஒளி நுண்ணோக்கியில் ஒரு கறை போதும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே இடத்தைக் கான்ட்ராஸ்ட்டை மாற்றி மறுபடி படமெடுங்கள். பிறகு மாதிரியை 90 பாகை திருப்பி இன்னொன்று. மூன்று படங்களுக்கும் மூன்று ஆர்க்யூ வந்தால் நீங்கள் அளந்தது மேற்பரப்பை அல்ல.

அப்படியானால் இந்தப் படங்கள் எதற்கும் உதவாதா? உதவும். ஒரே கருவி, ஒரே உருப்பெருக்கம், ஒரே கான்ட்ராஸ்ட், ஒரே பொருள் என்று எல்லாவற்றையும் நிறுத்திவைத்தால், சாம்பல் மதிப்பின் சிதறலை மேற்பரப்பு அமைப்பின் ஒப்பீட்டு அளவாகப் பயன்படுத்தலாம். அதற்கு நீள அலகு கொடுக்காமல் 'சாம்பல் மதிப்பு' என்றே எழுத வேண்டும். இன்னொரு நேர்மையான வழி, குறுக்குவெட்டு. மாதிரியை வெட்டி மெருகேற்றிப் பக்கவாட்டில் படமெடுத்தால் உயரம் படத்தின் தளத்துக்குள்ளேயே வந்துவிடும். விளிம்புக் கோட்டை மென்பொருளால் வரைந்து, அளவுக்கோட்டை வைத்துப் பிக்சலை மைக்ரோமீட்டராக மாற்றினால் கிடைப்பது உண்மையான உயரக் கோடு. மற்றபடி உயரம் வேண்டுமென்றால் அதை அளக்கும் கருவிக்குத்தான் போக வேண்டும்: ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி), கன்ஃபோகல் நுண்ணோக்கி, வெண்ணொளிக் குறுக்கீட்டுமானி, அல்லது சாய்த்து எடுத்த எஸ்இஎம் இணைப் படங்கள்.

உயரத் தரவு கையில் இருந்தும் அதைத் தொலைப்பவர்கள் உண்டு. ஏஎஃப்எம் கோப்பை வண்ணத்தட்டு பூசிய ஜேபெக்காக ஏற்றுமதி செய்து, அதை இமேஜ்ஜேயில் திறப்பது அப்படி ஒரு வேலை. மொத்த உயர வீச்சு 1 மைக்ரோமீட்டர் என்றால், 256 படிகளில் ஒரு படிக்கு ஏறத்தாழ 4 நானோமீட்டர். 1 நானோமீட்டர் ஏற்ற இறக்கம் அங்கேயே மறைந்துவிடும். மூலையில் பதிந்த அளவுக்கோடும் எழுத்தும் கணக்கில் சேர்வது தனிக் கூத்து. மூலக் கோப்பை க்விடியன் போன்ற இலவச மென்பொருளில் நேரடியாகத் திறந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

திறந்தவுடன் ஆர்க்யூவைப் படிக்கவும் கூடாது. மாதிரி மேடையில் முழுச் சமமாக ஒருபோதும் உட்காராது. 10 மைக்ரோமீட்டர் அகலத்துக்கு 1 பாகை சாய்வு என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் சுமார் 175 நானோமீட்டர் உயர வேறுபாடு. சாய்வு மட்டுமே 50 நானோமீட்டர் ஆர்க்யூவைக் கொடுத்துவிடும். 2 நானோமீட்டர் சொரசொரப்புள்ள படலம் அதற்குள் முழுகிப்போகும். ஆகவே தளச் சாய்வை முதலில் நீக்க வேண்டும். ஆனால் கை நீண்டுவிடக் கூடாது. உயர்படிப் பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தித் தள்ளினால் உண்மையான அலைவும் கூடவே போய்விடும். துகள்கள் உள்ள பரப்பில் அவற்றைக் கணக்கிலிருந்து விலக்காமல் வரிவரியாகச் சமப்படுத்தினால், ஒவ்வொரு துகளின் இருபுறமும் இல்லாத பள்ளம் ஒன்று கருப்புப் பட்டையாக முளைக்கும். சமப்படுத்திய விதத்தை எழுதாத ஆர்க்யூவை நான் நம்புவதில்லை.

அளவிட்ட பரப்பையும் எழுதியாக வேண்டும். பரப்பு பெரிதாகப் பெரிதாக நீண்ட அலைகளும் உள்ளே வரும். ஆர்க்யூவும் பொதுவாக ஏறும். ஊசிமுனை அளவியில் வழக்கமான வெட்டு அலைநீளம் (இதைவிட நீண்ட அலைகள் வடிகட்டப்படும்) 0.8 மில்லிமீட்டர், அதற்கு மதிப்பீட்டு நீளம் 4 மில்லிமீட்டர். 10 மைக்ரோமீட்டர் ஏஎஃப்எம் படம் அதில் நானூற்றில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து 'முரண்பாடு' என்று விவாதிப்பதில் பயனில்லை. கோட்டின் மீது எடுத்த ஆர்ஏவும் பரப்பின் மீது எடுத்த எஸ்ஏவும் வேறு வேறு. முதலாவதற்கான தரநிலை ஐஎஸ்ஓ 21920, இரண்டாவதற்கு ஐஎஸ்ஓ 25178.

ஆர்ஏ ஒன்றையே பிடித்துத் தொங்குவதும் வேண்டாம். ஆங்காங்கே ஊசி போல முனைகள் நீட்டிய பரப்பும், அதைத் தலைகீழாகக் கவிழ்த்தது போலக் குழிகள் நிறைந்த பரப்பும் ஒரே ஆர்ஏவைத் தரும். உராய்வில் முதலாவது தன்மீது உரசும் பொருளைச் சுரண்டும். இரண்டாவது குழிகளில் எண்ணெயைத் தேக்கும். உயரங்களின் பரவல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கோட்ட அளவைச் சேர்த்துப் போட்டால் வேறுபாடு உடனே தெரியும்: முனைகளுக்கு நேர்க்குறி, குழிகளுக்கு எதிர்க்குறி.

மிக வழவழப்பான மாதிரியை அளக்கும்போது கருவியின் இரைச்சலையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். புதிய சிலிக்கான் வேஃபர் (மெருகேற்றிய மெல்லிய தட்டு) ஒன்றை அதே அமைப்புகளில் அளந்து பாருங்கள். அங்கே 0.4 நானோமீட்டரும் உங்கள் மாதிரியில் 0.5 நானோமீட்டரும் வந்தால், வேஃபரின் மதிப்பு முழுவதையும் இரைச்சலாகவே கொண்டு வர்க்கங்களைக் கழித்தால் மிஞ்சுவது 0.3 நானோமீட்டர்தான்.