வயலில் கிடைத்த கருங்கல் விண்கல்லா? காந்தத்தைத் தேடும் முன் செய்யவேண்டியவை

மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களில் உழும்போது கரிய, கனமான கல்லொன்று அகப்பட்டால், அது விண்கல்லா என ஒட்டிப் பார்க்கப் பலர் முதலில் தேடுவது பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைத்தான். அதைத் தவிர்த்துவிடுங்கள். 2011 இல் மொரோக்கோவில் வாங்கப்பட்ட 'பிளாக் பியூட்டி' என்னும் செவ்வாய்க் கிரகக் கல்லில் பதிந்திருந்த ஆதிக் காந்தப் பதிவு, கைமாறிய இடங்களில் உரசிய காந்தங்களால் அழிந்துபோனதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். போதாக்குறைக்கு, சந்திரனிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த அரிய கற்கள் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. கொல்லன் உலைக் கிட்டமோ நன்றாகவே ஒட்டும்.

முதலில், கல்லை அசைக்காமல் அருகில் நாணயமொன்றை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வெறுங்கை படாமல் சுத்தமான பையில் எடுங்கள், கழுவ வேண்டாம். 2021 பெப்ரவரி 28 அன்று இங்கிலாந்தின் வின்ச்கோம்பில் விழுந்த கரிமக் கொண்ட்ரைட் என்னும் கரிமம் கொண்ட விண்கல், மழை படுமுன் சில மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டதனாலேயே அத்தனை மதிப்புப் பெற்றது.

அடுத்து, கண்ணால் பாருங்கள். புதிதாக விழுந்த கல்லை மெல்லிய கரிய தோல் மூடியிருக்கும். பிசைந்த மாவில் பெருவிரலால் அழுத்தியது போன்ற குழிகளும் சிலவற்றில் இருக்கும். உள்ளே காற்றுக்குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் கிட்டம். வெள்ளைப் படிகக்கல் இழைகள் ஓடினால் நம் பகுதிப் பாறையே. உடைந்த முகம் இருந்தால் உருப்பெருக்கியால் நோக்குங்கள்: கடுகளவு உருண்டை மணிகள் தென்பட்டால் அவை சுமார் 456 கோடி ஆண்டுப் பழமையுடைய கொண்ட்ரூல்களாக இருக்கலாம். 1795 இல் முல்லைத்தீவில் விழுந்த கல்லும் இத்தகைய மணிகள் கொண்ட கொண்ட்ரைட் வகையே. எனினும் மணிகள் இல்லையென்று எறிந்துவிடாதீர்கள். 1869 இல் பிரேசிலின் அங்ரா டோஸ் ரெய்ஸில் விழுந்து ஆங்ரைட் என்னும் அரிய வகைக்கே பெயர் தந்த கல் அத்தகையதே.

நெடுநாள் சேற்றில் கிடந்த கல்லாயின் அடர்த்தியையும் அளக்கலாம். உலர்ந்த கல்லை நிறுத்துக்கொண்டு, நீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் முட்டாமல் நீரில் தொங்கவிடுங்கள். கல் 340 கிராம், தராசு காட்டுவது 100 என்றால் அடர்த்தி 3.4, சாதாரணப் பாறைக்கு 2.7 அளவே வரும். புதிதாக விழுந்த கல்லை மட்டும் நனைக்கவே வேண்டாம்.

ஐயம் தீராவிட்டால், படங்களுடன் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையை நாடுங்கள். சேகரிப்பாளர் அரிய வகைக்குக் கிராம் கணக்கில் விலை பேசுவது வகைப்பாடு உறுதியான பின்னரே. அந்த வகைப்பாட்டுக்கு 20 கிராமோ, கல்லின் ஐந்திலொரு பங்கோ, எது குறைவோ அதை ஆய்வு நிறுவனமொன்றில் வைப்பாக விடவேண்டும்.