மெக்கானிக்கல் பென்சில்: எழுதுவோரும் சேகரிப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்கானிக்கல் பென்சில் பயன்படுத்துபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், லெட் (உள்ளே போடும் மெல்லிய எழுதுகுச்சி) உடைந்துகொண்டே இருக்கிறது என்பது. இந்தப் புகாரோடு கடைக்குப் போகிறவர்களில் பலர் இன்னொரு பென்சிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். மாற்ற வேண்டியதோ பெரும்பாலும் உள்ளே இருக்கும் லெட்டையும் அதை வெளியே நீட்டும் பழக்கத்தையும்தான். காகிதத்தைத் தொடுவது லெட், அதைப் பிடித்துக்கொடுப்பது மட்டுமே பென்சிலின் வேலை என்பதை மறந்து, உடலின் அழகைப் பார்த்தே தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு.

பொத்தானை ஒன்றிரண்டு முறை அழுத்தினால் வெளிவரும் நீளமே எழுதுவதற்குப் போதுமானது. மீண்டும் மீண்டும் அழுத்தச் சோம்பல்பட்டு ஐந்தாறு முறை அழுத்திவிட்டு எழுதத் தொடங்கினால், தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாத அந்த நீளம் பக்கவாட்டு அழுத்தத்தில் முறிந்துவிடும். தடிமனைப் பொறுத்தும் இதே கவனம் வேண்டும். ஒரு குச்சி முறியாமல் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், 0.3, 0.5, 0.7 மில்லிமீட்டர் என்று எண்ணில் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு கையில் மிகப் பெரிதாக உணரப்படும். அழுத்தி எழுதும் கை உள்ளவர், நுண்மையாக எழுதலாம் என்ற ஆசையில் 0.3 வாங்குவது வீண் எரிச்சலையே தரும். அவருக்கு 0.7 அளவில், மென்மையும் கருமையும் கூடிய பி அல்லது 2பி லெட் பொருந்தும். எழுத்து கருமையாக விழுவதால் அழுத்த வேண்டிய தேவையும் தானாகவே குறையும். நடுத்தரக் கருமையைக் காட்டும் எச்பி என்ற குறி எல்லா நிறுவனங்களிடமும் ஒரே கருமையைக் குறிப்பதில்லை என்பதால், ஒரு பெட்டியில் பழகிய கருமையை வேறொரு நிறுவனத்தின் பெட்டியிலும் எதிர்பார்க்கக் கூடாது.

நன்றாக இருக்கும் பென்சிலைக் கெட்டுவிட்டதென்று ஒதுக்குவது இன்னொரு தவறு. லெட்டை இறுகப் பிடிக்கும் தாடைகள் முனையிலிருந்து சற்று உள்ளே இருக்கின்றன. தேய்ந்து குட்டையான துண்டு அந்தத் தாடைகளைத் தாண்டி வந்த பிறகு, முனைக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வளையமும் பின்னாலிருந்து தள்ளும் அடுத்த லெட்டும்தான் அதை நிறுத்தி வைக்கின்றன. அதனால் எழுதும்போது துண்டு சுழலலாம், உள்ளே நழுவலாம். அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த லெட்டை நீட்டினால் சிக்கல் தீரும். சீராக நகரட்டும் என்று எண்ணெய் விடுபவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் பட்டால் பிடிமானம் வழுக்கும், தூள் ஒட்டிக்கொண்டு அடைப்பு இன்னும் மோசமாகும்.

குழாய் நிறைய லெட் அடைத்து வைப்பதும் நல்லதல்ல. நெருக்கியடித்துக் கிடக்கும் குச்சிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கும். பென்சில் ஒருமுறை தரையில் விழுந்தால் எல்லாம் சேர்ந்து உடையும். இரண்டு மூன்று போதும்.

தோற்றத்தில் மயங்கிச் செய்யும் தவறுகளில் வரைபடப் பென்சில்களைச் சட்டைப் பையில் செருகிக்கொள்வதைத்தான் முதலில் சொல்வேன். அவற்றின் முனையில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய உலோகக் குழாய் நீண்டிருக்கும். அளவுகோலின் ஓரத்தில் தடையின்றி ஓடவும், கோடு விழும் இடம் கண்ணுக்குத் தெரியவும் அமைக்கப்பட்ட குழாய் அது. பையில் செருகினால் துணியைக் குத்தும். கீழே விழுந்தால் வளையும். வளைந்ததை நிமிர்த்தினாலும் லெட் முன்போல் நேராக வருவது அரிது. ராட்ரிங் 600 போன்ற கனமான பித்தளை உடல் கொண்டவை முனை கீழாக விழும்போது சேதம் அதிகம். அன்றாடம் எடுத்துச் செல்வதற்கு, முனை உள்ளே இழுத்துக்கொள்ளும் ராட்ரிங் 800, பென்டெல் கிராஃப்கியர் 1000 போன்றவையோ, மூடி கொண்ட பென்டெல் கெர்ரியோ உகந்தவை. கனமும் கவனிக்க வேண்டிய ஒன்று. கடையில் நாலு வரி எழுதிப் பார்க்கும்போது கம்பீரமாக இருக்கும் உலோக உடல், ஒரு மணி நேரம் தொடர்ந்து எழுதிய பிறகு விரல்களை வலிக்கச் செய்யலாம்.

புதிய நுட்பம் எல்லாருக்கும் ஒரே பயனைத் தரும் என்று நம்புவதும் பிழைதான். மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் யூனி என்ற வணிகப்பெயரில் 2008இல் அறிமுகப்படுத்திய குரு டோகா பென்சில், முனை காகிதத்தைத் தொட்டு எழும் ஒவ்வொரு முறையும் லெட்டைச் சிறிது சுழற்றுகிறது. முதல் வடிவத்தில் நாற்பது கோடுகளுக்கு ஒரு முழுச் சுற்று. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து எழுத்து தடிக்காமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு எழுத்துக்கும் கையை எடுத்து எழுதுபவருக்கு இது அருமையான கருவி. கையை எடுக்காமல் கூட்டெழுத்தாக ஓட்டுபவருக்குச் சுழற்சி குறைவு, பலனும் குறைவு. கருவியைப் புகழ்பவரின் கையெழுத்து எப்படிப்பட்டது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

சேகரிக்கத் தொடங்கியவர்கள் ஒரே மாதிரியின் எல்லா வண்ணங்களையும் வாங்கி அடுக்குவதுண்டு. அது அவரவர் விருப்பம் என்றாலும், வெவ்வேறு அளவு, கனம், பிடிமானம் கொண்ட நான்கைந்து பென்சில்களை மாறி மாறிப் பயன்படுத்துபவர் தம் கையைப் பற்றி அறிந்துகொள்வதில் பத்தில் ஒரு பங்கு கூட வண்ணங்களை அடுக்குபவருக்குக் கிட்டாது. பெட்டியில் பூட்டி வைத்தால் எப்போதும் புதிதாகவே இருக்கும் என்பதும் சரியல்ல. சில ரப்பர் பிடிகளும் ரப்பர் பூச்சுகளும் காலப்போக்கில், குறிப்பாக வெப்பத்தில், பிசுபிசுக்கத் தொடங்கும்.

பழைய பென்சில்களை வாங்குவோர் படத்தில் தெரியும் பளபளப்பைக் காட்டிலும் முனைக்குழாய் வளையாமல் நேராக இருக்கிறதா என்பதையும், மூடியும் அழிப்பானும் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். அளவை விசாரிப்பது அதைவிட முக்கியம். பாலிமர் சேர்த்த மெல்லிய லெட்டுகள் 1960இலிருந்து பென்டெல் நிறுவனம் வழியாகப் பரவுவதற்கு முந்தைய பென்சில்கள் பலவும், ஜப்பானியரான ஹயகாவா தொகுஜி 1915இல் உருவாக்கிய காலத்துத் திருகுப் பென்சில்கள் போன்றவையும் (மின்னணுப் பொருள்கள் செய்யும் ஷார்ப் நிறுவனத்தின் பெயர் அவருடைய பென்சிலிலிருந்து வந்ததே) தடித்த லெட்டுக்காகச் செய்யப்பட்டவை. அக்காலப் பென்சில்களில் பரவலாக இருந்த 1.18 மில்லிமீட்டர் அளவுள்ள லெட்டைச் சாதாரணக் கடைகளில் காண்பது கடினம். அது கிடைக்கும் இடத்தை உறுதி செய்த பிறகு பென்சிலுக்குப் பணம் கட்டினால், வாங்கியதை எழுதுவதற்கும் பயன்படுத்தலாம்.