புயோ புயோ: படிக்கட்டு கட்டி ஐந்து செயின் அடிப்பது எப்படி?

புயோ புயோ எனக்கு இன்றுவரை அலுத்ததே இல்லை. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மோதுவதற்கு இதைவிட நல்ல புதிர் விளையாட்டு கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் கோலாலம்பூரில் நம் பிள்ளைகளிடம் கேட்டால் டெட்ரிஸ் தெரிகிற அளவுக்கு இது தெரிவதில்லை. ஆடிப் பார்ப்பவர்களும் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். காரணம் ஒன்றுதான். எதிராளி ஏதோ ஒன்றை இறக்குகிறார், படபடவென்று வெடிக்கிறது, அடுத்த நொடி நம் பக்கம் முழுக்கக் குப்பை, அதாவது இடத்தை அடைக்கும் நிறமற்ற உருண்டைகள். என்ன நடந்தது என்றே புரியாது. அது புரிந்துவிட்டால் விட மனசு வராது. அதற்குத்தான் இந்தச் செய்முறை. ஒரு வெடிப்பு அடுத்த வெடிப்பைக் கிளப்பிவிடும் தொடர்தான் செயின். அப்படி ஐந்து செயின் அடிக்கக் கற்றுக்கொள்வதுதான் இலக்கு.

முதல் படி: பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்

முதல் புயோ புயோ 1991இல் ஜப்பானின் கம்பைல் நிறுவனத்திடமிருந்து வந்தது. மறுவருடம் சேகா ஆர்கேட் மெஷினில் ஏறியபோதுதான் அது இருவர் மோதும் ஆட்டமாகப் பெயர் வாங்கியது. பெயர் தெரியாமலேயே இதை ஆடியவர்களும் உண்டு. 1993இல் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த 'டாக்டர் ரோபோட்னிக்ஸ் மீன் பீன் மெஷின்' இதே ஆட்டம்தான். மூல ஆட்டத்தின் பாத்திரங்களான ஆர்லேயையும் கார்பங்கிளையும் எடுத்துவிட்டு சோனிக்கின் வில்லனை உட்கார வைத்திருந்தார்கள். நான் பழகியதும் அதில்தான், மாமா வீட்டு மெகா டிரைவில். சூப்பர் நின்டெண்டோவில் வந்த 'கர்பீஸ் அவலாஞ்ச்' இன்னொரு வேஷம்.

இவற்றின் மேல் எனக்குப் பாசம் அதிகம். இருந்தாலும் புதியவர்கள் 1994இல் வந்த 'புயோ புயோ 2' விதிகளில்தான் தொடங்க வேண்டும் என்பேன். இன்றைக்கும் போட்டிகளுக்கு அடிப்படை அந்த விதிகள்தான். 2019இல் வெளியான 'புயோ புயோ சாம்பியன்ஸ்' வாங்கினால் போதும். ஸ்டீமில் ரிங்கிட்டிலேயே வாங்கலாம். அதில் இரண்டு விதிமுறைகள் இருக்கும்: புயோ புயோ 2, ஃபீவர். 2003இல் அறிமுகமான ஃபீவரில் பாதி கட்டிய செயினை ஆட்டமே கையில் கொடுக்கும். பார்க்க அமர்க்களமாக இருக்கும், ஆனால் கட்டக் கற்றுத்தராது. அதைப் பிறகு ஆடுங்கள்.

வீட்டில் டெட்ரிஸ் பிரியர் இருந்தால் 'புயோ புயோ டெட்ரிஸ் 2' நல்ல தேர்வு. பாடங்களும் உண்டு, எதிராளி இல்லாமல் முடிவில்லாமல் ஆடிப் பழகும் வசதியும் உண்டு.

கன்ட்ரோலர் வாங்க லோ யாட் பிளாசா போகிறவர்கள் திசைப் பொத்தான்களை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். அனலாக் குச்சியில் ஆடினால் ஒரு கட்டம் நகர்த்த நினைத்தது இரண்டு கட்டம் போய்விடும்.

இரண்டாம் படி: களம்

அகலத்தில் 6 வரிசை, உயரத்தில் 12 அடுக்கு. புயோக்கள் என்ற வண்ண உருண்டைகள் இரண்டிரண்டாக விழும். ஒரே நிறத்தில் நான்கு ஒட்டினால் வெடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும்தான் ஒட்டும். மூலைக்கு மூலை ஒட்டாது. இடப்பக்கமிருந்து மூன்றாவது வரிசை உச்சிவரை நிரம்பினால் ஆட்டம் முடிந்தது. மற்ற வரிசைகள் நிரம்பினாலும் நீங்கள் உயிரோடுதான் இருப்பீர்கள். அதனால் அந்த மூன்றாவது வரிசையை எப்போதும் தாழ்வாக வைத்திருங்கள்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே ஜோடி மாட்டிக்கொண்டு திரும்ப மறுத்தால் சுழற்றும் பொத்தானை இரண்டு தடவை தட்டுங்கள். மேலும் கீழும் இடம் மாறிவிடும்.

மூன்றாம் படி: மூன்றோடு நிறுத்துங்கள்

செந்தூலில் இருக்கும் அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவன் நான்கு சேர்ந்ததுமே வெடித்துக்கொண்டிருந்தான். சிவப்பு மூன்று இருக்கும், நான்காவது வரும், உடனே போய் ஒட்டுவான். "மாமா, நான் இவ்வளவு வெடிக்கிறேன், அவனுக்கு ஒண்ணுமே விழலையே?" என்றான். விழாது. நான்கை ஒரு தடவை வெடித்தால் 40 புள்ளிதான். ஒரு குப்பைக்கு 70 புள்ளி வேண்டும். புதியவர்கள் எல்லாரும் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுதான்: மூன்று சேர்ந்தால் அதை மூன்றாகவே விட்டுவைக்க வேண்டும்.

இப்போது படிக்கட்டு. மெதுவாகப் படியுங்கள், கேமைத் திறந்து வைத்துக்கொண்டே செய்தால் இன்னும் நல்லது.

முதல் வரிசையில் சிவப்பு மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். இரண்டாவது வரிசையில் பச்சை மூன்று, அதன் தலையில் நீலம் ஒன்று. மூன்றாவது வரிசையில் நீலம் மூன்று. தலையில் உட்கார்ந்திருக்கும் நீலம் நான்காவது அடுக்கில் இருக்கிறது. பக்கத்து நீலங்கள் மூன்றாவது அடுக்கோடு முடிந்துவிட்டன. மூலைக்கு மூலை என்பதால் இன்னும் ஒட்டவில்லை. இந்த ஓர் இடத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டீர்கள் என்றால் ஆட்டத்தின் பாதி உங்கள் கையில்.

இனி சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஜோடி வரும்வரை காத்திருங்கள். வந்ததும் சிவப்பு கீழே, பச்சை மேலே இருக்கும்படி திருப்பி முதல் வரிசையில் இறக்குங்கள். சிவப்பு நான்காகி வெடிக்கும். மேலே இருந்த பச்சை தரைக்கு இறங்கி, பக்கத்திலுள்ள மூன்று பச்சைகளோடு ஒட்டி வெடிக்கும். அதன் தலையிலிருந்த நீலம் இறங்கி மூன்றாவது வரிசையின் நீலங்களோடு ஒட்டி வெடிக்கும். மூன்று செயின்! வேறு எதையும் அடுக்காமல் சரியாக இந்தப் பன்னிரண்டையும் மட்டும் வைத்திருந்தீர்கள் என்றால் களமே காலியாகும். அதற்கு 30 குப்பை அளவுக்குத் தனிப் பரிசு உண்டு.

நடைமுறையில் வேண்டிய நிறம் வேண்டிய நேரத்தில் வராது. ஒதுக்க வேண்டியவற்றை ஐந்தாவது, ஆறாவது வரிசைகளில் போட்டுவையுங்கள், நடுவில் போடாதீர்கள். அடுத்து வரப்போகும் ஜோடிகள் ஓரத்தில் தெரியும், அவற்றைப் பார்த்துக்கொண்டே ஆடுங்கள். இதில்தான் அவசரம் கூடாது. எதிராளி வேகமாக ஆடுகிறாரே என்று நீங்களும் கீழ்ப் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை.

மூன்று செயின் கைவந்ததும் படிக்கட்டை நீட்டுங்கள். மூன்றாவது வரிசையின் நீலத் தலையில் ஒரு மஞ்சள், நான்காவது வரிசையில் மஞ்சள் மூன்று. மஞ்சளின் தலையில் மறுபடி சிவப்பு, ஐந்தாவது வரிசையில் சிவப்பு மூன்று. இதுதான் ஐந்து செயின். உயரம் நான்கு அடுக்கைத் தாண்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான்காம் படி: ஏன் ஐந்து?

செயின் நீள நீள புள்ளி இரட்டிப்பாகப் போகும். ஒவ்வொரு முறையும் நான்கு நான்காக வெடிப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு செயின் 5 குப்பை அனுப்பும். மூன்று செயினுக்கு 14, நான்குக்கு 32, ஐந்துக்கு 69. எதிராளியின் களத்தில் இருப்பதே 72 கட்டம்தான். ஒரேயடியாக அதிகபட்சம் 30தான் விழும் என்றாலும் முதல் இரண்டு தவணையிலேயே அவர் கட்டியதெல்லாம் புதைந்துவிடும். மூன்று செயினை மூன்று தடவை அடிப்பதைவிட ஐந்தை ஒரு தடவை அடிப்பது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் படி: பதிலடி

1994 பதிப்பை நான் கொண்டாடுவது இதற்காகத்தான். முதல் புயோ புயோவில் குப்பை கிளம்பிவிட்டால் கிளம்பியதுதான், தடுக்க வழியில்லை. யார் முந்துகிறாரோ அவருக்கே வெற்றி. இரண்டாவதில் ஆஃப்செட் வந்தது. உங்கள் தலைக்கு மேல் குப்பை காத்திருக்கும்போது நீங்களும் செயின் அடித்தால் அந்த அளவுக்கு அது கழியும். மிஞ்சியது எதிராளிக்கே திரும்பிப் போகும்.

எனவே களத்துக்கு மேலே பார்க்கப் பழகுங்கள், வரப்போகும் குப்பையின் அளவு அங்கே தெரியும். சின்னக் குமிழ் என்றால் 1, பெரியது 6, சிவப்புப் பாறை 30. குமிழ் இரண்டு மூன்று மட்டும் தெரிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காகக் கட்டி வைத்த படிக்கட்டை வீணாக்க வேண்டாம். பக்கத்தில் ஏதாவது வெடிக்கும்போது குப்பையும் சேர்ந்து போய்விடும். பாறை தெரிந்தால், படிக்கட்டு எத்தனை படியில் இருந்தாலும் சரி, உடனே அடியுங்கள். எதிராளியின் செயின் வெடித்து முடியும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் இன்னும் ஒரு படி சேர்க்க முடிந்தால் சேர்த்து அடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அக்கா மகன் இப்போது என்னை அடிப்பது இப்படித்தான். அவன் என் செயினைப் பார்ப்பதே இல்லை, தன் பக்கத்தில் இன்னொரு படி வைக்க இடம் தேடிக்கொண்டிருப்பான்.

அப்புறம்?

கணினி எதிராளியை மெதுவான நிலையில் வைத்து, பத்து ஆட்டத்தில் ஏழெட்டு தடவையாவது ஐந்து செயின் விழும்வரை படிக்கட்டையே கட்டுங்கள். அதன் பிறகு ஜிடிஆர் என்ற வடிவத்தைத் தேடிப் படியுங்கள். இடப்பக்க மூலையில் செயினை மடித்து மேல் அடுக்குக்குத் திருப்பிவிடும் வடிவம் அது. படிக்கட்டு கீழ் நான்கு அடுக்கை மட்டும்தான் பயன்படுத்துகிறது; பத்து செயினுக்கு மேல் போக வேண்டுமென்றால் மீதியுள்ள உயரமும் வேண்டும்.