புது பிக்கப் வண்டி மக்கர் செய்தால்

சேலத்தில் லோடேற்றி தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி திணறுகிறதா? "ஓட ஓட செட்டாகிடும்ணா" என்பார்கள் சர்வீஸ் சென்டரில், நம்பாதீர்கள். எடைமேடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் ஓவர்லோடு என்று வாரண்டியில் கைவிரிப்பார்கள்.

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, பழுதைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என எழுத விடாதீர்கள். "ஏற்றத்தில், மூன்றாம் கியரில், இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறல" என்று கிலோமீட்டரோடு எழுதவைத்து, நகலை வாங்கியபின் சாவியைக் கொடுங்கள். ஒரே பழுது மூன்று ஜாப் கார்டில் இருந்தால் வழக்குக்கு வலு.

அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் கொடுங்கள். அதற்கும் கம்பெனி மசியவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். மனு போடக் கெடு 2 ஆண்டு. வண்டி ஓசூரில் வாங்கியிருந்தாலும், தர்மபுரியில் குடியிருந்தால் அங்கேயே மனு போடலாம். 'பிழைப்புக்காக நானே ஓட்டும் வண்டி' என்ற வரி மனுவில் கட்டாயம். அது இல்லாவிட்டால், வணிக உபயோகம் என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே மடக்கும்.