போர்பன் காக்டெயிலைக் கெடுப்பது ஐஸ் அல்ல, ஐஸ் மீதான பயம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் நகரில், மே மாதத்தின் முதல் சனிக்கிழமை டெர்பி குதிரைப் பந்தயம் நடக்கும். 1875 முதல் நடந்துவரும் பந்தயம் இது. அன்று மைதானத்தில் பலர் கையிலும் மின்ட் ஜூலெப் இருக்கும். போர்பன் விஸ்கி, சர்க்கரைப் பாகு, புதினா, நொறுக்கிய ஐஸ் என்று நான்கே பொருள்கள். அந்த நான்காவதை யாரும் பொருளாகவே மதிப்பதில்லை. வீட்டு விருந்துகளில் இந்தப் பானம் சொதப்புவது பெரும்பாலும் அங்கேதான். (ஜூலெப் என்ற சொல் பாரசீகத்தின் 'குலாப்', அதாவது பன்னீர். குலாப் ஜாமூனில் இருப்பதும் அதே குலாப்தான்.)

ஐஸ் நிறையப் போட்டால் மது நீர்த்துவிடும் என்று பயந்து இரண்டே கட்டிகளைப் போடுவார்கள். நடப்பது நேர்மாறு. இரண்டு கட்டிகள் மளமளவென்று கரைந்து, சீக்கிரமே பானத்தின் குளிர்ச்சி போய்விடும். கோப்பை நிறைய இருக்கும் ஐஸ் மெதுவாகவே கரையும். ஜூலெப்புக்கு ஐஸைச் சுத்தமான துணியில் கட்டி, சப்பாத்திக் கட்டையால் அடித்து நொறுக்குங்கள். உலோகக் கோப்பையில் குவித்துக் கிளறினால், சிறிது நேரத்தில் வெளிப்புறம் வெண்பனி படியும். அதுவரை கிளற வேண்டும். இன்னொன்று: ஐஸ் வாடையை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை என் வீட்டு ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் உறைந்த ஐஸை எடுத்துப் போட்டுவிட்டேன். விருந்தினர்கள் நாகரிகமானவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைகள்தான் பாதியோடு நின்றன.

அடுத்தது புதினா. சட்டினிக்கு நசுக்குவதுபோல் நசுக்கினால் இலையின் பச்சைக் கசப்பு இறங்கிவிடும். மணம் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. பாகோடு சேர்த்து இரண்டு முறை லேசாக அழுத்தினால் போதும். மேலே செருகும் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள். உறிஞ்சுகுழல் குட்டையாக இருந்தால் குடிப்பவரின் மூக்கு அந்தக் கொத்துக்குள்ளேயே போய் நிற்கும்.

சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த மதுவில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கும். சம அளவு நீரில் கரைத்துப் பாகாக்கி ஆறவையுங்கள். தேனும் அப்படித்தான், வெந்நீரில் இளக்காமல் ஊற்றினால் ஐஸ் பட்டதும் இறுகி ஒட்டிக்கொள்ளும்.

விலை உயர்ந்த, பதினைந்து ஆண்டு பழைய போர்பனை இதில் ஊற்றுவது வீண். ஐஸும் பாகும் அதன் நுட்பத்தையெல்லாம் மூடிவிடும். அமெரிக்கச் சட்டப்படி போர்பனின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைக்க வேண்டும். அந்த இனிப்பும் வெனிலா வாசனையும் நடுத்தர விலைப் புட்டியிலேயே கிடைக்கும். ஜூலெப்புக்கு 50 சதவீத ஆல்கஹால் உள்ளது என் தேர்வு, ஐஸ் கரைந்தாலும் தாங்கும்.

விஸ்கி சவர் என்ற எலுமிச்சைப் புளிப்புக் காக்டெயிலுக்கு 60 மில்லி போர்பன், எலுமிச்சைச் சாறும் பாகும் தலா 22 மில்லி என்பது பழகிய அளவு. ஆனால் இது பெரிய மஞ்சள் எலுமிச்சைக்கான கணக்கு. நம் ஊர்ச் சிறு எலுமிச்சையின் மணமும் வெடுக்கும் வேறு. குறைத்து ஊற்றி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். புட்டியில் விற்கும் சாறு வேண்டவே வேண்டாம்.

பத்துப் பேருக்குக் காக்டெயிலை முன்கூட்டியே கலந்து ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஐஸோடு குலுக்கும்போது கரைந்து சேரும் நீர் இதில் இல்லை. ஒரு லிட்டர் கலவைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் சேர்க்காவிட்டால் தொண்டை எரியும். சாற்றை அன்றே பிழியுங்கள். சோடா சேர்ப்பதானால், அதைக் கோப்பையில் கடைசியாக ஊற்றுங்கள்.

குளிர்ச்சியும் இனிப்பும் மதுவின் வீரியத்தை மறைத்துவிடும். 50 சதவீத போர்பன் 60 மில்லி என்றால், அமெரிக்காவில் ஒரு 'டிரிங்க்' என்று கணக்கிடும் மது அளவில் அது ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு எலுமிச்சை, புதினா, சோடா மட்டும் சேர்த்த ஜாடி ஒன்றைத் தனியாக வையுங்கள். அதற்கும் அதே நொறுக்கிய ஐஸ், அதே தட்டிய புதினாக் கொத்து.